பைன் மரத்தின் பங்கு

மரமும் அணிலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பனிமலைச் சரிவில் நின்ற பைன் மரங்கள் அப்போது வருடம் தவறாமல் ஒரே அளவு காய்த்தன. காய் முற்றுவதற்கு முன்பே கொறியன் என்ற அணில் ஒவ்வொரு மரமாக ஏறி எண்ணும். அது சொல்லும் கணக்கை நம்பித்தான் மற்ற அணில்கள் குட்டி போடும். கணக்கு பிசகியதே இல்லை. அதில் கொறியனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அணில்கள் அத்தனையையும் தின்று தீர்த்து ஒரு விதைகூட மிஞ்சாததால் காட்டில் ஒரு கன்றும் முளைக்கவில்லை.

மூத்த பைன் ஒருநாள் கொறியனிடம் கேட்டது. “இடி விழுந்து என் தங்கச்சி போயிட்டாப்பா. அவ இடத்துல நிக்க ஒரு பிள்ளை இல்ல. மரத்துக்கு இருபது காயை விட்டு வையுங்க.”

“அதுக்கென்ன ஆத்தா, விட்டுட்டாப் போச்சு” என்றது கொறியன்.

மனதாரத்தான் சொன்னது. ஆனால் வளையில் நான்கு குட்டிகள் பசியோடு கத்திக்கொண்டிருந்தன. பைன் மரத்தில் போன வருடத்துக் காய்கள், அணில்கள் விதையை உருவித் தின்ற பிறகும் உதிராமல் தொங்கும். அந்த வெறுங்காய்களில் மரத்துக்கு இருபதை எண்ணிவிட்டு, “இது ஆத்தா பங்கு, தொடாதீங்க” என்று எல்லா அணில்களிடமும் சொல்லிவிட்டது. புதுக்காய்களின் விதை முழுவதும் வளைகளுக்குப் போனது.

மரம் நம்பியது, பாவம். பனி உருகியதும் தன் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று வருடம் அப்படிப் பார்த்தது. நான்காம் வருடம் காற்றில் ஒரு காய் உடைந்து விழுந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரிந்தது.

“இந்தச் சக்கையையா என் பிள்ளைன்னு சுமந்துட்டு இருந்தேன்?” என்றது மரம். அதுதான் அது கடைசியாகப் பேசியது. வேர் வழியே சேதி காடு முழுக்கப் போனது.

அந்த வருடம் ஒரு மரமும் காய்க்கவில்லை. கொறியனோ தலைக்கனத்தில் மரமேறி எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தொங்கிய வெறுங்காய்களையே புதுக்காய் என்று எண்ணி, வழக்கமான கணக்கையே சொன்னது. குட்டிகள் பிறந்தன. பறிக்க ஏறியபோதுதான் விஷயம் தெரிந்தது.

“ஆத்தா, தப்பு என்னுது. பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?” என்று கொறியன் மரத்தடியில் கிடந்து அழுதது. பனிக்காலம் முடிவதற்குள் அதன் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

அணில்கள் அருகிப்போன பிறகு, ஒரு வருடம் எல்லா மரங்களும் சேர்ந்து கிளை ஒடியக் காய்த்தன. தின்றது போக மிஞ்சிய விதையில் கன்றுகள் எழுந்தன.

எந்த வருடம் காய்க்கும், எந்த வருடம் கைவிரிக்கும் என்று பைன் மரம் யாருக்கும் சொல்லாமல் போனது அன்றிலிருந்துதான். விதை சேகரிக்கப் போகிறவர்கள் இன்றும் காயை எண்ணுவதோடு நிற்காமல், நாலைந்தைப் பறித்துப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் கணக்குச் சொல்கிறார்கள்.