கரிச்சான் பேசிய சருகுமான் குரல்

ஓடைக்கரை மருத மரத்தில் ஒரு கரிச்சான் குருவி தினமும் காலையில் காட்டுச் செய்தி சொல்லும். மயிலோ மந்தியோ, யாருடைய குரலிலும் அப்படியே பேசும். காடே கேட்கும்.

முயலளவே இருந்து, புதருக்கு அடியில் வாழும் சருகுமான்களைப் பற்றி மட்டும் ஒரு செய்திகூட வந்ததில்லை. அது கரிச்சானுக்கே உறுத்தியது. துவரி என்ற இளம் சருகுமானைக் கூப்பிட்டு ஒரு மாதம் பழக்கியது. "பார்த்ததை மட்டும் சொல்லணும். இடத்தை முதல்ல சொல்லணும்." துவரி நன்றாகவே கற்றுக்கொண்டது.

முதல் செய்தி சொல்லும் நாள் வந்தது. துவரி மரத்தடியில் நின்றது. மெல்லப் பேச ஆரம்பித்தது.

"மூங்கில் சரிவுல... வேட்டைக்காரங்க கம்பிக் கண்ணி வச்சிருக்காங்க..."

"சத்தமா!" என்று ஒரு மந்தி மேலிருந்து கத்தியது.

கரிச்சான் பதறிவிட்டது. "பாப்பா, உன் குரல் மெலிசு, எடுபடாது. பக்கத்துல நில்லு, உன் குரல்லயே நான் சொல்லிடறேன்!"

"நான்தான் பழகியிருக்கேனே, அண்ணே?"

கரிச்சான் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. அதே மெல்லிய குரல். துவரியிடம் இல்லாத ஒரு விம்மலையும் சேர்த்துக்கொண்டது.

"அடடா, சருகுமானேதான்! இன்னொரு தடவை!" என்று மந்திகள் குதித்தன. கரிச்சான் இன்னொரு தடவை செய்தது. கண்ணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் தினமும் செய்தியில் சருகுமான் குரல் வந்தது. துவரி வரவில்லை.

ஒரு நாள் மதியம், துவரி புதர் மறைவிலேயே மூச்சிரைக்க ஓடி வந்து கத்தியது. "ஓடைத்துறையில கண்ணி! இறங்காதீங்க!"

தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் சிரித்தது. "கரிச்சான் மதியமும் ஆரம்பிச்சுட்டான்!"

"ஐயோ, அது நானில்லை! துவரிதான்!" என்று கிளையிலிருந்து கரிச்சான் அலறியது.

"பாருங்கடா, ரெண்டு குரல்லயும் பேசறான்!" என்றன மந்திகள்.

மான் இறங்கியது. கம்பி காலை இறுக்கியது.

முள்ளம்பன்றி வந்து கண்ணி கட்டிய மர முளையைக் கடித்து அறுக்கும்வரை மான் துடித்தது. உயிர் பிழைத்தது. கால் நேராகவில்லை.

மான் கரிச்சானைப் பார்க்கவே இல்லை. துவரியைப் பார்த்தது. "கத்தினது நீதானா? நான் சிரிச்சுட்டேனே, கண்ணு."

கரிச்சானுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "தப்பு என்னோடது, பாப்பா. நாளைக்கு நீயே சொல்லு. எல்லாரையும் கேக்கச் சொல்லி நான் பேசறேன்."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம், அண்ணே. சும்மா இருந்தாப் போதும்."

மறுநாள் துவரி மரத்தடியில் நின்று பேசியது. மேலே சரியாகக் கேட்கவில்லை. ஒரு மந்தி முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கியது. பிறகு மற்றவையும், கரிச்சானும் இறங்கின. துவரி ஓரிடத்தில் தடுமாறியது. அந்த வார்த்தை கரிச்சானின் தொண்டை வரை வந்தது. அலகை இறுக மூடிக்கொண்டு, தலை குனிந்து, அது தரையிலேயே உட்கார்ந்திருந்தது. துவரி தானே அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொன்னது.

ஒருவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர், அவர் பேசும் நேரம் வந்ததும் தன் வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொள்ள வேண்டும்.