முதல் வட்ட வில்லை

நெடுமதில் நகரத்தின் ஒரு கோடியில் காலையில் நடக்கத் தொடங்கினால், மறுகோடி போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவ்வளவு பெரிய ஊர். அதனால் மன்னர் விசயகண்டர் ஜனங்களுக்காக மாட்டு வண்டிகளை ஓடவிட்டார். கட்டணம் விதிக்கும் பொறுப்பு வரிமந்திரி அநந்தநம்பியிடம் போனது. அவர் சும்மா இருப்பாரா?

அரண்மனையை நடுவில் வைத்து நகரத்தை ஐந்து வட்டங்களாகப் பிரித்தார். யார் எத்தனை வட்டம் போக வேண்டுமோ, அத்தனை வட்டத்துக்குரிய செப்பு வில்லையை வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். வட்டம் கூடக் கூட விலையும் ஏறும். மன்னரைக் குளிர்விப்பதற்காக ஆணையின் தொடக்கத்தில் ஒரு வரியையும் சேர்த்தார்: "அரசர் வீற்றிருக்கும் இடமே முதல் வட்டம்."

மன்னர் அந்த வரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். உடனே முத்திரை வைத்தார்.

மாசிலாள் என்று ஒருத்தி. கடைத்தெருவில் மோர் விற்பவள். ஒருநாள் அவள் அரசவை விகடகவி வெண்காடனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, நான் எந்த வில்லையை வாங்குறது? என் வீட்டு வாசல் மூணாம் வட்டமாம். மாட்டுக் கொட்டகை நாலாம் வட்டமாம். மூணு வட்ட வில்லை வாங்கினேன். வண்டி கொட்டகைப் பக்கம் நிக்குதுன்னு இறக்கி விட்டுட்டாங்க. நாலு வட்டம் வாங்கினா நான் விக்கிற மோரெல்லாம் வண்டிக்கே சரியாப் போகும். நடந்து வந்தா வெயில்ல மோர் புளிச்சுப் போகுது."

வெண்காடன் நேரே மன்னரிடம் போய் முறையிட்டான். மன்னர் கையை விரித்தார்.

"முத்திரை வைத்த ஆணையை நானே திருத்தினால் நாளைக்கு எவன் மதிப்பான்? ஓர் எழுத்தும் மாறாமல் அவளை ஏற்றிவிட முடிந்தால் ஏற்றிவிடு. முடியாவிட்டால், இந்த வருஷம் முழுக்க நீயும் வண்டி ஏறக் கூடாது. நடைதான்!"

"உத்தரவு, மன்னா" என்றான் வெண்காடன். போகிற வழியில், இருப்பதிலேயே மலிவான முதல் வட்ட வில்லையை வாங்கினான். மாசிலாளிடம் கொடுத்தான். "இதைக் கட்டிக்கொண்டு தைரியமாக ஏறு. பிடித்தால் பயப்படாதே. நான் இருக்கிறேன்."

மறுநாளே பிடித்துவிட்டார்கள். மோர்ப்பானையும் தலையுமாக அவளைச் சபைக்கே கொண்டுவந்து நிறுத்தினார் அநந்தநம்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"குடிமக்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் வீற்றிருக்கும் பெருமானே! இதோ பாருங்கள். நாலாம் வட்டத்தில் ஏறியிருக்கிறாள். கழுத்தில் முதல் வட்ட வில்லை! வாங்கிக் கொடுத்தது நம் விகடகவியாம்!"

வெண்காடன் எழுந்தான். "மந்திரியாரே, ஆணையின் முதல் வரியைக் கொஞ்சம் சொல்லுங்கள்."

"அரசர் வீற்றிருக்கும் இடமே முதல் வட்டம்."

"அரசர் எங்கே வீற்றிருக்கிறார்?"

"இது என்ன கேள்வி? இதோ, சிம்மாசனத்தில்!"

"இப்போதுதானே குடிமக்கள் நெஞ்சில் என்றீர்கள்?" வெண்காடன் மாசிலாள் பக்கம் திரும்பினான். "அம்மா, மன்னர் உன் நெஞ்சில் இருக்கிறாரா?"

மாசிலாள் மன்னரை ஏறிட்டுப் பார்த்தாள். "இருக்காரு சாமி. வண்டியிலேருந்து இறக்கி விட்டப்போ கொஞ்சம் ஆட்டம் கண்டாரு. ஆனா இருக்காரு."

சபையில் சிரிப்பை அடக்க ஆளாளுக்கு இருமினார்கள்.

"கேட்டீர்களா மன்னா? தாங்கள் இவள் நெஞ்சில் வீற்றிருக்கிறீர்கள். அப்படியானால் இவள் எங்கே போனாலும் அது முதல் வட்டம். இவள் வில்லை செல்லும்!"

அநந்தநம்பி பதறிப்போனார். "அது எப்படி? நெஞ்சில் இருக்கிறார் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வது!"

மன்னர் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"பேச்சுக்கா?"

"ஐயையோ, இல்லை பெருமானே! மெய்யாகவே இருக்கிறீர்கள். எல்லார் நெஞ்சிலும் இருக்கிறீர்கள்!"

"அப்படியானால் எல்லாருக்கும் முதல் வட்ட வில்லையே போதும்" என்றான் வெண்காடன். "ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டு உத்தரீயத்தை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார். மாசிலாளின் பானையிலிருந்து ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"வெண்காடா, மற்ற வட்ட வில்லைகள் கிடங்கில் குவிந்து கிடக்கின்றனவே. அவற்றை என்ன செய்வது?"

"விற்கலாம் மன்னா. தங்களை நெஞ்சில் வைக்காதவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்."

சபையோர் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அநந்தநம்பியின் கை அவசர அவசரமாகத் தம் மார்பை மூடியது. விரலிடுக்கில் ஏதோ பளபளத்தது.

"மந்திரியாரே, அது எத்தனை வட்ட வில்லை?" என்று கேட்டார் மன்னர்.

"ஐந்து வட்டம், பெருமானே" என்றார் அநந்தநம்பி. "ஆனால் என்னுடையது அல்ல. என் மாமியாருடையது!"