தாண்டவராயரின் குலதெய்வம்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜாவுக்கு வழக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. "இனி அவனவன் குறையை அவனவனே வந்து சொல்ல வேண்டும். அடுத்தவனுக்காக எவனாவது வாய் திறந்தால் நாடு கடத்திவிடுவேன்" என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

அமைச்சர் தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். ஏன் இருக்காது? சந்தைச் சாலையில் வண்டி மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு புண்ணியவான் குளம் வெட்டித் தர்மமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குத் தர்மகர்த்தா இவர்தான். மனிதர் அதைச் சுற்றி வேலி போட்டுத் தன் பூந்தோட்டமாக்கிக்கொண்டார். மாடு வந்து வழக்குப் பேசுமா என்ன?

அந்தக் கோடையில் இரண்டு மாடுகள் சாலையிலேயே விழுந்து செத்தன. பார்த்துக்கொண்டு நின்ற விகடகவி சாத்தப்பனுக்கு வயிறு எரிந்தது. பேசினால் நாடு கடத்தல். பேசாவிட்டால் நாளைக்கும் நாலு மாடு சாகும்.

மறுநாள் வெயில் ஏறியதும், பல வருஷம் சந்தைக்கு வண்டி இழுத்த இரண்டு கிழ எருதுகளைச் சபைக்குள் ஓட்டி வந்தான்.

"என்ன கூத்து இது, சாத்தப்பா?" என்றார் ராஜா.

"குறை உள்ளவர்களே வந்திருக்கிறார்கள், மகாராஜா. அவர்களுக்காக நான் வாய் திறக்க மாட்டேன். கயிற்றை அவிழ்க்க மட்டும் உத்தரவு தாருங்கள்."

ராஜா தலையாட்டினார். தாகத்தில் இருந்த எருதுகள் நேரே சந்தைச் சாலைக்கு நடந்தன. பின்னால் ராஜா, அவர் பின்னால் சபை. எருதுகள் வேலியை முட்டித் தள்ளி உள்ளே போய்க் குளத்தில் வயிறு நிறையக் குடித்தன.

"ஐயோ, என் பரம்பரைத் தோட்டம்!" என்று தாண்டவராயர் அலறினார். "அதோ பாருங்கள் மகாராஜா, எங்கள் குலதெய்வமே இங்கேதான் நிற்கிறது. இங்கே தர்மக் குளமாவது, மண்ணாவது!"

கரையில் ஒரு கல் தூண், சந்தனமும் மாலையுமாக நின்றது.

எருதுகள் அந்தத் தூணிடம் போயின. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பரபரவென்று தேய்த்தன. மாலை அறுந்து விழுந்தது. சந்தனம் உதிர்ந்த இடத்தில், மாட்டுக் கழுத்து உயரத்துக்குக் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. மாடுகள் தினவு தீர உரசிக்கொள்ள, குளம் வெட்டுகிறவர்கள் கரையில் நடுகிற கல் அது. ராஜாவுக்குத் தெரியாதா?

"தலைமுறை தலைமுறையாக மாட்டுக்குச் சொறிந்துவிடும் குலதெய்வமா, தாண்டவராயரே?"

தாண்டவராயருக்கு முகம் வெளுத்தது. சாத்தப்பனின் காதோரம் குனிந்து, "அப்பனே, மகாராஜாவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கெஞ்சினார்.

சாத்தப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி, "சட்டம் தெரியாதா, ஐயா? உமக்குத்தான் வாய் இருக்கிறதே, நீரே பேசும்!" என்றான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வாயில்லா ஜீவன்களுக்காகச் சாத்தப்பன் பேசலாம் என்று அங்கேயே சட்டத்தைத் திருத்தி, குளத்தை அவன் பொறுப்பில் விட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். தாண்டவராயரின் வேலி அன்று மாலையே அரண்மனை அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.