பாகற்காய் முதலைக்கு ஒரு நாற்காலி

செங்கமலத்தம்மாவின் ஆசிரமத்தில் சீடர்களுக்கெல்லாம் மூத்தவர் தணிகாசலம். குருவை விடவும் பதினெட்டு வயது மூத்தவர். கல்யாண மண்டபத்து மேனேஜராக இருந்து, ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்தவர். வந்த இடத்திலும் தோரணம்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

பொங்கலன்று காலை குருவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, மத்தியானம் என் தம்பி வர்றான். சாப்பாட்டு மேசையை எப்படி அலங்காரம் பண்ணலாம்? சுலபமா இருக்கணும், புதுசாவும் இருக்கணும். பய அசந்துடணும்."

தம்பி வீரபாகு அவரோடு பேசி ஒன்பது வருஷம். தணிகாசலத்தின் மகள் கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டது. அண்ணன் வாயால் "சாப்பிட வா" என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று வீரபாகு இரண்டரை மணி வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனோ பந்தியில் பூச்சாடிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். தம்பி எழுந்துபோய், பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அதன்பின் நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. இப்போது குருவே கடிதம் போட்டு வரவழைத்திருந்தார்.

"இருக்கறதை வெச்சுப் பண்ணுங்க," என்றார் குரு.

இருந்தது காய்கறிக் கூடை. தணிகாசலம் கத்தியை எடுத்தார்.

கத்தரிக்காய் பென்குவின் ஆனது. பறங்கிக்காய் ஆமை ஆனது. முழ நீளப் பாகற்காய் வாயைப் பிளந்து முதலை ஆனது; பல்லுக்குத் தேங்காய்ச் சில்லு, கண்ணுக்கு மிளகு. முள்ளங்கியெல்லாம் ரோஜா. சாம்பாருக்கு மிஞ்சியது ஒரே ஒரு முருங்கைக்காய்.

பன்னிரண்டரைக்கு வாசலில் நிழலாடியது. வீரபாகு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செருப்பைக் கழற்றவில்லை.

"வந்துட்டியா? ஒரு நிமிஷம்டா," என்றார் தணிகாசலம், திரும்பாமலே. முதலைக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் போனது. ஐந்தும் போனது. வீரபாகு பழத்தைக் கை மாற்றிக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து குரு வந்தார். நேரே மேசைக்குப் போய் முதலையை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு நாற்காலியை இழுத்து அதில் உட்கார வைத்தார்.

"வாங்க, வாங்க. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா? வீட்ல எல்லாரும் சுகந்தானே?"

முதலை வாயைப் பிளந்தபடி இருந்தது.

"பாவம், நல்ல பசி. வாயை மூடவே மாட்டேங்கறார்." குரு அதன் முன்னால் இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், சோறு வைத்தார். "கூச்சப்படாம சாப்பிடுங்க. நம்ம வீடுதான்."

"அம்மா," என்றார் தணிகாசலம், "அது பாகற்காய்."

"அப்படியா? காலையிலேர்ந்து நீங்க விழுந்து விழுந்து கவனிச்சதைப் பார்த்து, இவர்தான் உங்க தம்பியாக்கும்னு நெனச்சேன்."

வாசலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். இருமல் இல்லை.

"எனக்கு அவ்ளோ பெரிய வாய் கிடையாதுங்கம்மா," என்றார் வீரபாகு.

தணிகாசலம் அப்போதுதான் திரும்பினார். தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கத்தியைக் கீழே வைத்தார். வாசல் வரை நடந்துபோய், பழச்சீப்பை வாங்கிக்கொண்டார்.

"பாகு, சாப்பிட வாடா."

"பசிக்கல."

"பசிக்காட்டியும் வா."

வீரபாகு செருப்பைக் கழற்றினார். நேரே முதலையிடம் போய், "கொஞ்சம் எந்திரிங்க சார்" என்று அதைத் தூக்கிவிட்டு அந்த இலையிலேயே உட்கார்ந்தார். முருங்கைக்காயைச் சப்பிச் சக்கையைப் பென்குவின் காலடியில் போட்டார். ரசம் சிந்தி ரோஜாக்களுக்குள் ஓடியது. துடைக்கத் துடித்த கையைத் தணிகாசலம் இடுப்பில் வைத்து அடக்கினார்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, மேசை இப்போ எப்படி இருக்கு?"

குரு வீரபாகுவின் இலையை எட்டிப் பார்த்தார்.

"நடுவுல கொஞ்சம் வெறிச்சுன்னு தெரியுது. இன்னும் ரெண்டு கரண்டி பொங்கல் வைங்க."