ஆமான்னா ஒரு தட்டு

ரோந்து வண்டியிலேயே சர்வீஸை ஓட்டிய ஏட்டு இருதயராஜை, முட்டி வலிக்காகக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். அவசர அழைப்பை எடுத்து, பக்கத்தில் நிற்கும் வண்டியை அனுப்புகிற வேலை. சொல்லிக்கொடுத்தவள் தில்லைநாயகி. வயதில் அவருக்குத் தங்கை மாதிரி, வேலையில் குரு. மனுஷர் அதற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளவில்லை. அவருடைய குறை வேறு.

"வண்டியில போனப்ப கையெடுத்துக் கும்பிடுவாங்க, மேடம். இங்க வந்து ஒரு வாரம் ஆச்சு, ஒருத்தர்கூட நன்றின்னு சொல்லல. எப்படித்தான் இந்த வேலையப் பாக்குறீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

"எடுங்கண்ணே" என்றாள். தானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஒரு பெண் கிசுகிசுத்தாள். பால்பண்ணைக்குப் பின்னால் பச்சை கேட் வீடு. புருஷன் அரிவாளோடு நிற்கிறான். அவளும் கைக்குழந்தையும் உள்ளறையில் இருக்கிறார்கள். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

தில்லைநாயகி வயர்லெஸ்ஸில் வண்டியை அனுப்பினாள்.

"ஹலோ! ஹலோ! அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் இருதயராஜ். சந்தைக் கூட்டத்தைக் கலைத்துப் பழகிய குரல்.

தில்லைநாயகி பாய்ந்து அவருடைய மைக்கைப் பொத்தினாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிக்கிறான். உங்க சத்தம் அவனுக்கும் கேக்கும்ணே."

இருதயராஜ் தலையாட்டியதும் அவள் கையை எடுத்தாள். பிறகு அவருக்கே தெரியாத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

"பேச வேண்டாம்மா. ஆமான்னா போனை ஒரு தட்டு தட்டுங்க. தாழ் போட்டிருக்கா?"

டொக்.

"பாப்பா தூங்குதா?"

டொக்.

"வண்டி வந்துகிட்டே இருக்கு. நான் எங்கயும் போகல."

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு டொக் கேட்டது.

கதவை யாரோ உதைத்தார்கள். குழந்தை வீறிட்டது. அதற்கு மேல் ஜீப் சத்தம், பூட்ஸ் சத்தம், "அரிவாளைக் கீழ போடுடா!" என்று ஒரு அதட்டல். போன் தரையில் விழுந்தது. தாழ் திறந்தது. கால்கள் ஓடின. லைன் அறுந்தது.

"ஆளைப் பிடிச்சாச்சு. தாயும் பிள்ளையும் பத்திரம்" என்றது வயர்லெஸ்.

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்று இருதயராஜ் கண்ணைத் துடைத்தார். ஆனால் மனுஷருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"பாத்தீங்களா மேடம், இப்பவும் ஒரு வார்த்தை சொல்லல."

தில்லைநாயகி அவரைப் பார்க்கவில்லை. அறுந்துபோன லைனிடம் மெதுவாக, "ரொம்ப நன்றி தாயி" என்றாள்.

"நீங்க எதுக்கு அவங்களுக்கு நன்றி சொல்றீங்க?"

"கூப்பிடாத வீட்டுக்கு நம்மால வண்டி அனுப்ப முடியுமாண்ணே? இவங்க கூப்பிட்டாங்களே."