கையை எடுத்த இடம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஆலயத்தில் எப்சிபா ஆர்கன் வாசித்து வந்தாள். பதினாறு வயதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. தன் கல்யாணத்தன்று வாசிக்க வேறு ஆள் கிடைக்காமல், பட்டுச்சேலையும் முக்காடுமாக உட்கார்ந்து முதல் பாட்டை வாசித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றாள்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் அருமைநாயகம். வயது அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சொர்ணபாய் அந்த ஆலயத்துப் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பாடியவள். புற்றுநோயில் இறந்துபோனாள். அதன்பிறகு அவர் ஜெபம் செய்வதில்லை. ஆனால் ஆர்கன் கற்க வந்தார். ஏன் என்று எப்சிபா கேட்கவில்லை.

விரல் சுத்தமாக விழுந்தது. தாளம் அரை இம்மி பிசகாது. கோளாறு ஒன்றே ஒன்றுதான். பாட்டு முடிந்து, சபை ஆமென் பாடும் இடம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

"இன்னும் ரெண்டு தடவை அழுத்தணும் சார்."

"அது ஆமென், டீச்சர்."

"தெரியும்."

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். சொர்ணத்துக்கு ஆனதை நான் ஆகட்டும்னு சொல்ல முடியாது. எனக்குப் பொய் வராது."

எப்சிபா பெருமூச்சு விட்டாள். "நாலாவது விரலைத் தூக்காதீங்க. முதல்லேருந்து வாசிங்க."

இன்னொரு நாள் அவர் கேட்டார்: "விசுவாசம் இல்லாதவன் இதை வாசிக்கலாமா, டீச்சர்?"

"இடது கை இரைச்சலா இருக்கு. குறைங்க."

அவர் வாசிப்பதை நிறுத்தினார். "ரெண்டு வருஷமா இதையே கேக்கேன். நீங்க விரலைப் பத்தியே பேசுதீங்க."

"ரெண்டு வருஷமா நானும் ஒரு ஆமெனைத்தான் கேக்கேன்," என்றாள் எப்சிபா. "கிடைச்சுதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக் கொப்பரையைத் திறந்தபோது ஆவி அடித்து எப்சிபாவின் வலது கை வெந்துபோனது. கட்டோடு ஆலயத்துக்கு வந்தாள். அருமைநாயகத்தை இருக்கையில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சபை அதில் தெரியும். இரண்டாவது பெஞ்சில் சைக்கிள் கடைத் தங்கையா நின்றார். மகளை வியாழக்கிழமைதான் அடக்கம் செய்திருந்தார். கடைசிப் பாட்டு அந்தப் பெண்ணுக்குப் பிடித்த பாட்டு. அவர்தான் போதகரிடம் கேட்டு வாங்கியிருந்தார்.

நான்கு சரணமும் சபை பாடியது. தங்கையா வாயைத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அருமைநாயகம் கையை எடுத்தார்.

யாரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் தாழ்ந்த சுருதியில் ஆமென் என்று தொடங்கினார். ஒரு பெண் குரல் உயர்ந்த சுருதியில் எடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டு, வெட்கப்பட்டு நின்றுவிட்டன. போதகர் ஆர்கன் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் தங்கையாவின் வாய் பாதி திறந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, மூடிக்கொண்டது.

"நகருங்க," என்றாள் எப்சிபா. அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, இடது கையால் இரண்டு தடவை அழுத்தினாள்.

சபை பாடியது. தங்கையாவும் பாடினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே போகும்வரை அருமைநாயகம் பொறுத்திருந்தார். பிறகு முகம் சிவக்கத் திரும்பினார்.

"என்னைக் கேக்காம எப்படிக் கை வைக்கலாம்?"

"உங்களைக் கேட்டுக்கிட்டிருந்தா சபை மத்தியானம் வரைக்கும் நிக்கணும், சார்."

"என் மனசு சொல்லாததை என் விரல் எப்படிச் சொல்லும்?"

அவள் புத்தகங்களை ஒற்றைக் கையால் அடுக்கினாள். ஒன்று கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"டீச்சர், தங்கையா எப்படிச் சொன்னார்? அடக்கம் பண்ணி மூணு நாள்தானே ஆகுது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க? வாசிக்கும்போது மனசுக்குள்ள நீங்க சொன்னீங்களா?"

எப்சிபா கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அலுப்புதான் இருந்தது.

"ஆமென் அவங்களோடது, சார். நம்மளோடது சுருதி மட்டும்தான்."