எழ மறுத்த ஊற்று

சீன தேசத்தில் வேய்லின் என்று ஒரு நாடு இருந்தது. மகா பெரிய நாடு என்று அதன் அரசர் தாவ் யூன் சொல்வார். காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லை வந்துவிடும், அவ்வளவு பெரியது.

அங்கே உண்மையிலேயே பெரியது ஒன்றுதான். மலையடிவாரத்து ஊற்று. எண்ணூறு ஆண்டுகளாகப் பாறையைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்குப் பீறிடும் தண்ணீர். பழைய அரசர்கள் எல்லோரும் வந்து பார்த்துப் போன இடம். தாவ் யூன் மட்டும் பார்த்ததில்லை.

அமைச்சர் காவ் தெங்குக்கு அது பொறுக்கவில்லை. "அரசே, பழைய அரசர்களுக்கே ஆள் உயரம் எழுந்த ஊற்று, தங்களைக் கண்டால் இரண்டு ஆள் உயரம் எழாதா?" என்றார். அரசருக்கு அது மிக நியாயமாகப் பட்டது.

ஏற்பாடு முழுவதும் காவ் தெங் பொறுப்பு. எண்ணூறு குதிரைகளோடு பரிவாரம் பத்து நாள் முன்பே போய் முகாம் போட்டது. அரசர் குளிக்க மூன்று பெரிய தொட்டிகள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், மூன்றாவது எதற்கென்று அமைச்சருக்கே தெரியாது. அரசர் வராவிட்டாலும் தினமும் பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் நிரப்பினார்கள். பதினொரு கவிஞர்களும் வந்திருந்தார்கள். ஊற்று துள்ளியெழுந்த அழகைப் பாடி, பட்டில் எழுதி, கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டு எழுத நேரில் பார்க்க வேண்டும் என்று சட்டமா என்ன?

பதினோராம் நாள் முரசு முழங்க அரசர் வந்தார். ஊரே மண்ணில் விழுந்து வணங்கியது. அவர் பல்லக்கை விட்டு இறங்கி, கம்பீரமாக ஊற்றின் கரையில் போய் நின்றார்.

ஊற்று ஒரு சாண்கூட எழவில்லை. கஞ்சிப் பானை மாதிரி 'குளக், குளக்' என்றது.

கவிஞர்கள் பட்டைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டார்கள்.

"காவ் தெங், இரண்டு ஆள் உயரம் என்றீரே. எந்த ஆள்? எறும்பா?" என்று கத்தினார் அரசர்.

காவ் தெங் தயங்கவே இல்லை. தயங்குகிறவர்கள் அமைச்சராக நீடிப்பதில்லை. "சதி, அரசே! ஊற்றைக் காக்கிறவள் ஏதோ செய்துவிட்டாள்!"

ஊற்றைக் காத்துவந்தவள் சூ யின். இருபது வருஷமாக அங்கே பாசி வழித்து, சருகு அள்ளி வருகிறவள். அவள் சொன்னாள்: "நான் ஒன்றும் செய்யவில்லை, அரசே. ஊற்றுக்கு நீர் வரும் மேல் மடுவில் பத்து நாளாக வாய்க்கால் வெட்டி..."

"அரசர் முன்னால் வாய் திறக்கிறாயா?" என்று அதட்டினார் காவ் தெங். குதிரைகளுக்கும் தொட்டிகளுக்கும் நீர் கொண்டுபோக அந்த வாய்க்காலை வெட்டச் சொன்னவரே அவர்தானே.

"ஊற்று எழாவிட்டால் இவள் தலை விழட்டும்!" என்றார் அரசர். குரல் உயர்ந்ததும் அமைச்சர், கவிஞர்கள் எல்லோரும் மறுபடி மண்ணில் விழுந்தார்கள்.

கூட்டத்தில் ஷென் மோ இருந்தார். அரசருக்கு வரும் கடிதங்களைப் படித்துக்காட்டுவது அவர் வேலை. வரும் வழியிலேயே வாய்க்காலைப் பார்த்துவிட்டார். ஆனால் உண்மையைச் சொல்வது எப்படி? குதிரை அரசருடையது, தொட்டி அரசருடையது. ஒரு தலைக்குப் பதில் இரண்டு உருளும். சூ யின் அழக்கூட மறந்து காவலன் உருவிய வாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷென் மோவுக்கு மனசு கேட்கவில்லை.

"அரசே, வாழ்த்துகள்!" என்றார்.

"எதற்கு வாழ்த்து?"

"பழைய அரசர்கள் முன்னால் இந்த ஊற்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறது. என்ன திமிர்! தங்கள் முன்னால் யாராவது அப்படி நிற்பார்களா?"

அரசர் சுற்றிலும் பார்த்தார். ஒரு தலையும் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன.

"ஊரே விழுந்து கிடக்கிறது. ஊற்றும் விழுந்து கிடக்கிறது. வணங்கக் கற்றுக்கொடுத்தவளையா தண்டிப்பது?"

அரசர் முகம் மலர்ந்தது. "அதானே! அவளை விடுங்கள்!"

கவிஞர்கள் அதற்குள் 'எழுந்தது' என்பதை அடித்துவிட்டு 'விழுந்தது' என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

அரசர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "ஊற்றே, உன் பக்தியை மெச்சினோம். எழுந்திரு!"

குளக்.

"எழுந்திரு என்கிறேனே!"

குளக், குளக்.

காவ் தெங் மண்ணிலிருந்து முகத்தை மட்டும் நிமிர்த்தினார். "ஷென் மோ, அரசர் உத்தரவு கொடுத்த பிறகும் எழவில்லை. இது வணக்கமா, அவமதிப்பா?"

அரசரும் திரும்பினார். "சொல்லும். இது எப்போதுதான் எழும்?"

ஷென் மோ, முழங்கால் வலியோடு கிடந்த ஊரைப் பார்த்தார். வாய்க்கால் போன திசையையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு கைகூப்பிச் சொன்னார்:

"அதுவும் எங்களைப் போலத்தான், அரசே. குதிரை, தொட்டி, அமைச்சர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு தாங்கள் கிளம்பிப் போனால்தான் தலை தூக்க முடியும்."

அரசர் கண்கள் ஷென் மோ பார்த்த திசையில் போயின; வாய்க்காலைத் தொடர்ந்தன; தொட்டிகளில் போய் நின்றன. முதலில் மீசை ஆடியது. பிறகு தொந்தி குலுங்கியது. கடைசியில் பல்லக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

தன் விரலில் இருந்த பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி ஷென் மோவிடம் கொடுத்தார். காவ் தெங்கிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுக்கச் சொன்னார். "வாய்க்காலை மூடிவிட்டு மெதுவாக நடந்தே வாரும்" என்றார்.

மூன்றாம் நாள் ஊற்று ஆள் உயரம் எழுந்தது. அரசர் இல்லாததால் எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்கள்.